ஆரோக்கியம் அண்ணன் மாட்டிவிட்ட ஹீட்டர்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் லூர்து அக்கா போன் செய்தார். "வசந்தி, உங்க அண்ணன் போயிட்டாரும்மா" என்றார். யாருடைய அண்ணன் என்று கேட்டேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அக்கா அழ ஆரம்பித்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அவர் கணவர் ஆரோக்கியம் அண்ணனைத்தான் சொல்கிறார். கடையைத் திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

சிங்கவரம், அனந்தபுரம் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் கை தெரியும். வாயும் தெரியும். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "இத்த ஓட்டுனியா, ஏறி மிதிச்சியா?" என்றுதான் ஆரம்பிப்பார். நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ஹீட்டர். செஞ்சி வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். அண்ணனும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. சிங்கவரத்து நிலத்தை நான்தான் பார்க்கிறேன், டிராக்டரும் நான்தான் ஓட்டுகிறேன். வடக்கே பஞ்சாபில் ஓடிய பழைய வண்டி, கண்ணாடி கேபின் வைத்தது. எஞ்சினின் சுடுதண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக சீட்டுக்கு அடியில் வந்து சுற்றும். எஞ்சின் ஓடினாலே ஒரு ஃபேன் அந்தச் சூட்டைக் கேபினுக்குள் ஊதும்; அதுதான் ஹீட்டர். அந்தத் தண்ணீரை அடைக்கிற குழாய்த் திருகு துருப்பிடித்து அசையவில்லை. ஏசியோ வரும்போதே செத்துப்போய்த்தான் வந்தது. சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் முட்டி வெந்துவிடும். "பஞ்சாப்காரன் குளுருக்கு வெச்சான். நமக்கு இன்னாத்துக்கும்மா?" என்று சொல்லி அண்ணன் இரண்டு குழாயையும் அறுத்து அடைத்துவிட்டார்.

அந்த மார்கழியில் ஒரு விடிகாலை ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளியே பனி, உள்ளே என் மூச்சு. கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துண்டால் துடைத்தேன், மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தபோது எதிரே தரையைக் காணோம். எங்கள் நிலத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. எப்படி பிரேக்கை மிதித்தேன் என்று இன்றுவரை தெரியாது. இடது முன்சக்கரம் பாதி விளிம்புக்கு வெளியே நின்றது. மண் கட்டி கட்டியாக உதிர்ந்து கீழே தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னால் எடுத்தேன்.

செய்தி தெரிந்து அண்ணன் வந்தார். சக்கரத் தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"சூடு வந்திருந்தா கண்ணாடி தெளிஞ்சிருக்கும்" என்றார். "நான் அறுத்ததுதாம்மா தப்பு."

"விடுங்கண்ணே. நான்தான் நல்லா இருக்கேனே."

"வேணுங்கறப்ப மாட்டணும், வேணாங்கறப்ப கழட்டணும். அத்த உடனே பண்ண முடியணும். அறுக்கறதெல்லாம் ஒரு வேலையா?"

அதற்குப் பிறகு அந்த ஹீட்டர் அவருக்குப் பித்தாகவே ஆகிவிட்டது. முதலில் செய்த இணைப்புக்கு ஸ்பேனர் வேண்டியிருந்தது. அவரே பிடுங்கிப் போட்டார். இரண்டாவதைக் கழட்டும்போது சுடுதண்ணீர் பீய்ச்சி அவர் மணிக்கட்டைப் பொசுக்கியது. அந்தத் தழும்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதுதான் இப்போது இருப்பது. வளையத்தைப் பின்னால் இழுத்தால் குழாய் கழன்று வரும். இரண்டு முனையும் தானாக மூடிக்கொள்ளும், சொட்டு ஒழுகாது. தூசி போகாமல் இருக்க முனைகளுக்கு இருமல் மருந்து பாட்டில் மூடிகளைப் போட்டார். "கண்ண மூடிக்கினு மாட்டு பாக்கலாம்" என்றார். மாட்டினேன். டிக் என்றது. "ரெண்டு கொழா, ரெண்டு டிக்கு. காதுல கேக்கலன்னா சேரலன்னு அர்த்தம்."

கண்ணை மூடிக்கொண்டே மாட்டத் தெரிந்த பிறகும் அண்ணன் வருஷா வருஷம் அவரே வருவார். அதற்கு அவர் வைத்திருந்த நாள்கணக்கு மாதாகோயில் கணக்கு. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் சாயங்காலம் மாட்டுவார்; மாசி வாக்கில் வெயில் ஏறும்போது வருகிற சாம்பல் புதனன்று கழட்டுவார். கல்லறையில் அப்பா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேராக வருவதால் விரலெல்லாம் மெழுகாக இருக்கும். இரண்டு டிக். மூடிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கேபின் படியில் வைப்பார்.

"எனக்குத்தான் தெரியுமே, நீங்க இன்னாத்துக்குண்ணே அலையறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பனி வர்றதுக்கு முன்ன நான் வந்துடுவேன். நீ கம்முனு இரு" என்றார்.

போன கல்லறைத் திருநாளுக்கு அவரே கல்லறையில் இருந்தார். நானும் போனேன். புதுமண் ஈரமாக இருந்தது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீடு வந்தேன். ஹீட்டரை மாட்ட மனம் வரவில்லை. டிராக்டர் இருந்த கொட்டகைப் பக்கமே போகாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலை வண்டியை எடுத்தேன். மழை விட்ட ஈரத்தில் அந்த வருஷத்தின் முதல் பனி. கண்ணாடி வெள்ளையாக மூட ஆரம்பித்தது. துடைக்கத் துண்டைத் தூக்கினேன். அதற்குள் கண்ணாடி அடியிலிருந்து மேல்நோக்கித் தானாகத் தெளிந்துகொண்டே போனது. முட்டியில் சூடு பட்டது. எதிரே கிணறு நன்றாகத் தெரிந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். குனிந்து பார்த்தேன். குழாய் இரண்டும் சேர்ந்திருந்தன. மூடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் படியில் இருந்தன. இணைப்பு வளையத்தில் ஒரு பொட்டு மெழுகு.

லூர்து அக்காவுக்குப் போன் செய்து, நேற்று அங்கிருந்து யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டேன். "யாரு வருவாங்க? நாங்கல்லாம் இருட்டற வரைக்கும் கல்லறையிலதான இருந்தோம்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "சூடு வந்துச்சா?" என்றார். "வந்துச்சுக்கா" என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. கொட்டகைக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அன்றைக்கு என் விரலிலும் மெழுகு இருந்தது; நினைவில்லாமல் நானே கூட மாட்டியிருக்கலாம். ஸ்பேனர் வேண்டியிருந்தால் திருகிய தடமாவது இருக்கும், யாருடைய வேலை என்று தெரிந்துபோகும். அண்ணன் தடமே இல்லாமல் செய்துவிட்டார். எந்தக் கைக்கும் அது சேரும், எந்தக் கைக்கும் கழலும்.

நாளை மறுநாள் சாம்பல் புதன். வெயில் ஏறிவிட்டது, கழட்டியாக வேண்டும். இதுவரை அந்த மூடிகளை என் மணிபர்சில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவைதான். கழட்டியதும் முனைகளில் போட்டுவிடுவேன், வருஷம் பூரா அவை அங்கேதான் இருக்க வேண்டும். அடுத்த கல்லறைத் திருநாளன்று நான் ஹீட்டரைத் தொடப்போவதில்லை. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். இரண்டு தடவை டிக் என்று கேட்டால் உள்ளே போய்ப் பார்க்க மாட்டேன். "வந்துட்டீங்களாண்ணே" என்று மட்டும் கேட்பேன்.