சங்கரலிங்கம் அண்ணாச்சியின் முகம்

"ஸ்க்ரீனைப் பார்க்காதீங்க சார், எதிர்ல நிக்கிற ஆளைப் பாருங்க."

திருநெல்வேலியில் அந்த டாக்சி ஆப் அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அண்ணாச்சி என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "ஏட்டி, இங்கிலீஷ்ல என்ன போட்டுருக்குன்னு மட்டும் எனக்குச் சொல்லு. அங்கன சண்டை கிண்டை போட்டுறாத... ஐடி ஒரேயடியா போயிரும்."

சங்கரலிங்கம் அண்ணாச்சி நேற்று விடியற்காலையில் இறந்துவிட்டார். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில், காய்கறி லோடு ஏற்றிய மினி லாரியில். பிரேக் பிடிக்கவில்லை.

மேலகரத்தில் எங்கள் தெருக்காரர். டாக்சி டிரைவர். கல்லூரி நாளிலிருந்து என்னைத் தென்காசி ஸ்டேஷனில் கொண்டுவிட்டவர். நான் பின் சீட்டில் புத்தகத்தை விரித்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சொந்த விஷயம் எதையும் நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதில்லை. ஆனால் ஊர் வாட்ஸப் குரூப்பில் நேற்றிலிருந்து ஒரே வரி சுற்றுகிறது... "டிரைவரின் அஜாக்கிரதை."

அஜாக்கிரதை. அண்ணாச்சிக்கு.

போன கார்த்திகையில் அவருக்குப் பதினெட்டாம் மலை. சபரிமலைக்குத் தென்னங்கன்று சுமந்து போகிற வருஷம். கன்றை வாங்கி முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட் போட்டு ஓட்டி வந்த மனிதர். தெருவே சிரித்தது. "ரூல்ஸ் ரூல்ஸ்தான பாப்பா" என்றார்.

டாக்சி ஆப்பில் சேரும்போது கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தார். பேட்ஜ் இருந்தது. போலீஸ் சர்டிபிகேட் வாங்கினார். கண் டெஸ்ட் எடுத்தார். "பொண்ணு குடுக்கும்போது எங்க மாமனாரு கூட இவ்வளவு விசாரிக்கல" என்றார்.

அவருடைய சொந்தக் காருக்கு வயது கூடிவிட்டதாம், எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒரு குறையும் இல்லாத வண்டியை விற்றார். மஞ்சள் போர்டு, பெர்மிட், வண்டியின் தகுதிக்கான எஃப்.சி. எல்லாம் சரியாக உள்ள புதுக் கார் ஒன்றை ஒருவரிடம் லீசுக்கு எடுத்தார்.

தினமும் டியூட்டி தொடங்கும் முன் போன் கேமராவில் முகம் காட்ட வேண்டும், வேறு ஆள் ஓட்டாமல் இருக்க. அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய ஏறுத வண்டி. பாக்கட்டும்."

மாலை போட்டார், தாடி வளர்ந்தது. ஒரு நாள் கேமரா 'இது நீங்கள் இல்லை' என்றது. அவரே தாடியோடு புதுப் போட்டோ ஏற்றினார். ஏற்றுக்கொண்டது.

மலைக்குப் போய் வந்து தாடியை எடுத்தார்.

மறுபடியும் 'இது நீங்கள் இல்லை'. இந்த முறை, இந்த ஐடியில் வேறொருவர் ஓட்டுவதாகச் சந்தேகம் என்று முடக்கிவிட்டார்கள். அதற்காகத்தான் நாங்கள் திருநெல்வேலி போனது.

"தம்பி, லைசென்ஸப் பாருங்க. நான்தான இருக்கேன்?"

"தெரியுது சார். ஆனா சிஸ்டம் ஏத்துக்கல. முகம் ரெண்டு தடவை மாறியிருக்கு."

"மாலை போட்டா மாறத்தான செய்யும்? நம்ம பக்கம் மலைக்குப் போவாத வீடு உண்டுமா?"

"கம்ப்ளைண்ட் போட்டிருக்கேன் சார். மெயில் வரும்."

நான் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கிற டிரைவர். தாடி இல்லை.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "தாடி வச்சா நீ இல்லங்குதான். எடுத்தா அப்பவும் நீ இல்லங்குதான். அப்போ மலைக்குப் போனது யாரு பாப்பா?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பயலுக்கு என்னத் தெரியுது. தெரியக் கூடாதுன்னுதான் அவனுக்குச் சம்பளம்."

மெயில் வரவே இல்லை. ஐடி இல்லாத ஆளுக்கு எதற்கு வண்டி என்று கார்க்காரர் சாவியை வாங்கிக்கொண்டார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. ஐந்தருவிப் பக்கம் கார் நிறுத்த இடமில்லை. அண்ணாச்சி கையில் கார் இல்லை. கிடைத்தது இதுதான்... பாவூர்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு.

அந்த மினி லாரிக்கு எஃப்.சி. இல்லை. இன்சூரன்ஸ் இல்லை. நேற்று போலீஸ் ஸ்டேஷனில்தான் தெரிந்தது. லாரி வேலைக்கு யாரும் அவரிடம் பேட்ஜ் கேட்கவில்லை. முகத்தைக் காட்டு என்று சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

"பிரேக்கப் பாத்துத் தாங்கன்னு முந்தாநாளே கேட்டாகளாம்" என்றார் அவர் மனைவி. மதினி அழவில்லை. "'ஓட்டத் தெரிஞ்சவருக்கு என்னவே பிரேக்கு'ன்னு சிரிச்சானாம் லாரிக்காரன்."

நல்ல வண்டியிலிருந்து ஒரு நல்ல டிரைவரை இறக்கிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குரூப்பில் 'அஜாக்கிரதை' என்று எழுதியவர்களே, உங்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தவர்கள்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. இனி ரேடியோவை அணைக்க வேண்டாம்.

இன்று காலை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய போன் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அதே ஆப். குற்றாலத்தில் சீசன், சவாரி அதிகம், ஐடியைச் சரிசெய்து உடனே வாருங்கள் என்று வரிசையாக மெசேஜ்.

"இத நிப்பாட்டிரு தாயி" என்று மதினி போனை என்னிடம் நீட்டினார்.

கணக்கை மூடும் பட்டனை அழுத்தினேன். டிரைவரின் முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொன்னது.