விமலா அக்கா மாற்றிய நிறங்கள்

பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குப் போகும் படகுக்கு வரிசையில் நின்றபோது செய்தி வந்தது. "விமலா அக்கா போயிட்டாங்க அண்ணே" என்று உடன் வேலை செய்யும் ஹரி குரல் பதிவு அனுப்பியிருந்தார். படகு வந்தது, எல்லோரும் ஏறினார்கள். நான் அடுத்த படகில்தான் போனேன்.

ஜுருவில் எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவை நடத்தியவர் அக்கா. அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அவர் குரலை உயர்த்தியதே இல்லை.

நான் அங்கே சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன், வேலை நிரந்தரமாகவில்லை. கட்டளைகளைத் தட்டும் கருப்புத் திரையில் ஒவ்வொரு வரியும் கணினியின் பெயரோடு தொடங்கும். உற்பத்தியை ஓட்டும் கணினிக்குச் சிவப்பு, சோதனைக் கணினிக்குப் பச்சை. பெயர்களில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. சோதனைக் கட்டளையை உற்பத்திக் கணினியில் தட்டிவிட்டால் உற்பத்தி நின்றுபோகும். எனக்கோ இரண்டு நிறமும் ஒரே மங்கல் பழுப்பு, பிறவியிலேயே அப்படி. வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் திரையில் விரல் வைத்து எழுத்தைப் படித்த பிறகே தட்டுவேன்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, கலர் தெரியலையா?"

"வெளியே சொல்லிடாதீங்க அக்கா."

"நான் ஏன் சொல்லப் போறேன்? கலர் வெச்சது நான். உங்களுக்குத் தெரியலைன்னா நான் வெச்சதுதான் சரியில்ல லா."

அமைப்புக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு நிறமாக மாற்றி, "இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் உற்பத்திக் கணினிக்கு மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து, சோதனைக் கணினிக்கு நீலத்தில் வெள்ளை என்று முடிவானது. சாப்பிடாமலே மதிய வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் எல்லாக் கணினிகளிலும் அதே நிறங்கள். "என்னக்கா இது, ரோட்டு வேலை போர்டு மாதிரி இருக்கு லா!" என்றார் ஹரி.

"எனக்கு மஞ்சள் பிடிக்கும். வேலையைப் பாருங்க."

அதை எல்லோரும் நம்பினார்கள். பிறந்தநாளுக்கெல்லாம் மஞ்சள் கோப்பை, மஞ்சள் குடை, மஞ்சள் கைப்பை. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

செய்தி வந்த அன்று நான் சுங்கை பினாங்கில் அவர் வீட்டில் இருந்தபோது ஹரி மஞ்சள் சாமந்தி மாலையோடு வந்தார். "அக்காவுக்குப் பிடிச்ச கலர்" என்றார். அக்காவின் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்கு மஞ்சள் பிடிக்கவே பிடிக்காதே தம்பி."

அப்போதுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்டகூடச் சொல்லலையே" என்றார் அவர். அழுகைக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பும் வந்தது.

இப்போது அந்தப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். திரையில் யாருக்காவது சிரமம் இருந்தால் தனியாக வந்து சொல்லலாம் என்று முதல் நாளே அறிவித்தேன். இருவர் வந்தார்கள். அவர்கள் யார், என்ன கேட்டார்கள் என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.