சூசை கட்டிய மேர் வேஷம்

"இன்னிக்கு எந்தக் கால முன்ன வெச்சாரு தம்பி?"

சாயங்காலச் சங்கு ஊதி ஆலைக் கதவு திறந்ததும், கடற்கரைப் பக்கமிருந்து யார் வந்தாலும் சூசை இதைத்தான் கேட்பார். முதல் தடவை என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. யாருடைய கால் என்பதே தெரியவில்லை.

"மேருதான், வேற யாரு? வண்டியிலேர்ந்து எறங்குவாரே, அப்ப."

மேர் என்றால் நகரசபைத் தலைவர். எங்கள் மேர் ஆதிமூலத்துக்கு எழுபத்தாறு வயது. நாற்பது வருஷமாக அவர் பெயர் இல்லாமல் இந்த ஊரில் தேர்தல் நடந்ததில்லை. தினம் ஐந்து மணிக்கு, பின்னாலிருந்து ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் கடற்கரைக்கு வருவார். அவர் இறங்குவதை நூறு பேர் பார்ப்பார்கள். காலைப் பார்க்கச் சொன்னவர் சூசை ஒருவர்தான்.

சூசை ஆலையின் சாயக்கூடத்தில் பதினைந்து வருஷமாக வேலை செய்கிறார். முழங்கை வரைக்கும் இரண்டு கைகளும் நீலம். சவுக்காரம், புளி, எலுமிச்சந்தோல், எதற்கும் அது போகாது. கோயிலில் அவர் கை குவிக்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள் ஜெபத்தை விட்டுவிட்டு அந்தக் கைகளையே பார்ப்பார்கள். அவர் மனைவி பெர்னதெத், "கறுப்பா இருந்தாக்கூட வெளிய சொல்லிக்கலாம், நீலத்த இன்னான்னு சொல்றது?" என்பாள்.

போன வருஷம் மேருடைய ஆட்கள் அவருடைய பொதுவாழ்வைக் கொண்டாட 'ஆதிமூல விஜயம்' என்ற நாடகத்தை ஏற்பாடு செய்தார்கள். எழுதியவர் நாடக வாத்தியார் சாமிக்கண்ணு. குரலையும் தாடையையும் பார்த்துச் சூசைக்கு மேர் வேஷம் கொடுத்தார். நீலம் தெரியாமலிருக்க வெள்ளைக் கையுறை மாட்டினார். ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஞாயிறுதோறும் பகல் மூன்று மணிக்கு ஆட்டம். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக நடிகர்கள் மேல் விழும்.

மேரைச் சூசை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. "ஓட்டுப் போடப் போனாலாவது பாத்திருப்பேன். நான் போறதுக்குள்ள என் ஓட்ட அவரு ஆளுங்களே போட்டுட்டாங்க" என்று சிரிப்பார். அதனால் நடையைத் தாமாகவே கற்பனை செய்தார். இரவல் பூட்ஸ் வலது காலைக் கடித்தது. இடது காலை முன்னால் வைத்து வலது காலை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"மேரு எப்படா நொண்டுனாரு?" என்று கொட்டகை சிரித்தது.

அடுத்த புதன்கிழமை மேர் வண்டியிலிருந்து இறங்கும்போது இடது காலை முன்னால் வைத்தார். வலது காலை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். மூன்றாவது ஞாயிறு கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. "அப்படியே மேருதாம்பா!" என்றார்கள். "நான் எங்கய்யா அவரப் பாத்தேன்?" என்று சூசை கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. எந்தக் கால் என்ற அந்தச் சாயங்காலக் கேள்வி அன்றைக்குத்தான் தொடங்கியது.

டிசம்பர் கடைசி ஆட்டத்தன்று கையுறை காணாமல் போய்விட்டது. சூசை வெறுங்கையோடு நடித்தார். மூன்று நாள் கழித்து வருஷப் பிறப்பு. ஊர் வழக்கப்படி ஜனங்கள் எலுமிச்சம்பழத்தோடு மேர் வீட்டு வாசலில் வரிசை நின்றார்கள். சூசையும் நின்றார். அவருக்குப் பின்னால் நான். பழத்தை வாங்க மேர் இரண்டு கைகளையும் நீட்டினார். பத்து நகங்களும் நீலமாக இருந்தன.

சூசை தம் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு வெளியே ஓடினார். மேருடைய நகம் நீலமானது இருதயக் கோளாறால் என்று டாக்டர் சொன்னதாக அந்த வீட்டுச் சமையல்காரி அஞ்சலாட்சி பிறகு சொன்னாள்.

மேர் அதுவரை நாடகத்தைப் பார்க்கவில்லை. ஜனவரி கடைசி ஞாயிறு வருவதாக ஆள் அனுப்பினார். ஒரு நிபந்தனை: கடைசியில் அவருடைய மரணக் காட்சி வேண்டும். "நான் போனா ஊரு எப்படி அழுவும்னு நான் பாத்துடணும்" என்றாராம். வாத்தியார் ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

சூசை மாட்டேன் என்றார்.

"யோவ், நீ படுக்கலேன்னா நம்ம மண்ணாங்கட்டி படுப்பான். சேவகன் வேஷம் கட்றவனுக்கு மேர் வேஷம் கசக்குமா?" என்றார் வாத்தியார்.

சூசை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இப்படிப் பலிக்கிறது வேஷத்துல இருக்குதா, என் ஒடம்புல இருக்குதான்னு எவனுக்குத் தெரியும்? மண்ணாங்கட்டி படுத்து அதுவும் பலிச்சிட்டா? என் கையிலயே இருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் உங்களுக்கு என்ன செய்தார், போனால் போகட்டுமே என்றேன். அவர் என்னை முறைத்தார். "ஒண்ணும் செய்யல. அதுக்காக ஆளக் கொல்றதா?"

பிறகு மேர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேர் இருமல் வரும்வரை சிரித்தாராம். "இன்னாடா, நீ என்னப் பாத்து நடிக்கிறியா, நான் உன்னப் பாத்து நடக்குறனா?" சொன்னவர் தம் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "படு. நல்லாப் படு. நான் பாக்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு மேர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். கடைசிக் காட்சி வந்தது. மேடையில் ஒரு கட்டில். மேர் மனைவி வேஷம் கட்டிய ராஜாம்பாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். சூசை கட்டிலில் உட்கார்ந்தார். படுக்கவில்லை.

"படுய்யா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார் பல்லைக் கடித்தார்.

சூசையின் உடம்பு மெல்லத் தலையணைப் பக்கம் சாய்ந்தது. முதல் வரிசையில் மேருடைய தலையும் அதே பக்கம் சாய்ந்தது. இமைகள் இறங்கின. கைத்தடி அவர் கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் சூசை சட்டென்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்களை அகலத் திறந்தார். கீழே மேரும் நிமிர்ந்தார். உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு ராஜாம்பாள் ஒப்பாரி முழுவதையும் பாடித் தீர்த்தாள். கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. திரை விழும்வரை சூசை இமைக்கவில்லை. மேர், காலை இழுத்துக்கொண்டே, தாமாக நடந்து வண்டியில் ஏறினார்.

வாத்தியார் மறுநாளே சூசையை நாடகத்திலிருந்து நீக்கிவிட்டார். ஒரு வருஷம் ஆகப்போகிறது. மேர் இருக்கிறார். அன்றிலிருந்து அவர் கட்டிலில் படுப்பதில்லை, சாய்வில்லாத நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார் என்று அஞ்சலாட்சி சொல்கிறாள். சூசை வீட்டிலும் பாய் சுருட்டியபடியே மூலையில் நிற்கிறது. "சுவருக்குத்தான் கண்ணாலம் கட்டியிருக்கலாம் இவர" என்கிறாள் பெர்னதெத்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலை வாசலில் அவரைப் பார்த்தேன். மற்றவர்கள் பூவரச நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அவர் மட்டும் சாயக்கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் செருகி, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் இரக்கப்பட்டு, அவர் தோளைப் பிடித்துத் துண்டின் மேல் படுக்க வைக்கப் பார்த்தார். சூசை துள்ளி விழித்தார். நீலக் கையைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மேர் வீடு இருக்கிற கடற்கரைப் பக்கம் தலையைத் திருப்பி, அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று அசையாமல் காது கொடுத்தார்.

இதைப் படிப்பவர்கள் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவர்கள் சொல்லட்டும். நீலக் கைக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்தால், எழுப்பி உட்கார வையுங்கள். படுக்க வைத்துவிடாதீர்கள்.