நான் நம்பாத குளிர்

இன்று காலை ஐந்தரை மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தேன். புதுக்கோட்டை, பதினெட்டு டிகிரி என்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாசல் கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் வெளியே நீட்டினேன். சில்லென்றுதான் இருந்தது. அப்போதும் முழுதாக நம்பவில்லை.

"ஆளுங்களத்தான் நம்ப மாட்டீங்க. போனு ஒங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள் மனைவி, போர்வைக்குள்ளிருந்தே.

எங்கள் ஊர்க் குளிர் அப்படிப்பட்டது. மார்கழியில் எட்டிப் பார்க்கும், தை முடிவதற்குள் போய்விடும். அந்த நாட்களிலும் மின்விசிறியை ஒன்றில் வைத்துக்கொண்டுதான் போர்த்திப் படுப்போம். பேருந்து நிலையத்துக்கு வெளியே வடக்கிலிருந்து வந்தவர்கள் ஸ்வெட்டர்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்பது மணி வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். இங்கே ஸ்வெட்டர் விற்றுப் பிழைக்க முடியுமா, வேறு ஏதோ காரியமாக வந்திருக்கிறார்கள் என்று வெகுநாள் சந்தேகப்பட்டேன். பிறகு நானே அவர்களிடம் ஒரு குரங்குக் குல்லா வாங்கினேன். அது கம்பளிதானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அந்தக் குல்லாவை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை வாசனை. எனக்கு அது புளியமரத்தடி வாசனையும்கூட. அதை மாட்டிக்கொண்டுதான் ஒரு விடியற்காலையில் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். படித்த மனிதன், அதிகாரி, திருடனைப் போல.

வேளாண்மைப் பட்டம் வாங்கிய கையோடு அன்னவாசல் பக்கம் ஒரு விதைப்பண்ணைக்குப் பொறுப்பாளனாக வந்திருந்தேன். வயலோரத்தில் நான்கு கால்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று, பெரிய புறாக்கூண்டு போல நிற்கும். உள்ளே வெப்பமானிகள். காலையில் அவற்றைப் பார்த்து நோட்டில் எழுதுவது முத்தையாவின் வேலை. பதினோரு வருடமாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் என் மேசைக்கு வந்திருந்தது. நான் இரண்டு வரி நல்லதாக எழுத வேண்டும், அவ்வளவே.

நோட்டைப் புரட்டினேன். பதினேழு, பதினாறரை, பதினேழு. எங்கள் ஊரிலா? ஊட்டி என்றால் சரி. நகரத்தில் என் அறையில் எனக்கு அப்படிக் குளிரவே இல்லையே. ஜன்னலை அடைத்துக்கொண்டு ஏழு மணிவரை தூங்குபவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எழுத்தர் ஒருவர் இருந்தார். தேநீரை ஆற்றியபடியே எடுத்துக் கொடுத்தார். "வீட்டுல படுத்துக்கிட்டே எழுதுறாரு சார். யாரு போயி பாக்கப் போறா?"

அதனால்தான் முதல் பஸ், புளியமரம், குல்லா.

வெயில் லேசாக ஏறிய பிறகு முத்தையா சைக்கிளில் வந்தார். தலையில் துண்டு, மேலே வெறும் சட்டை. பெட்டிக் கதவைத் திறந்து, குனிந்து பார்த்து, எழுதினார். நான் மரத்திலிருந்து வெளிப்பட்டேன். குல்லாவுக்குள் என்னை அடையாளம் தெரியாமல் அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எவ்வளவுய்யா?"

"சார் நீங்களா! பயந்தே போனேன். பதினாறு பாயிண்ட் ரெண்டுங்க சார்."

பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் திரவம் பத்தொன்பதில் நின்றது.

"பத்தொம்பதுல்ல இருக்கு?"

"அது இப்ப உள்ளதுங்க சார். உள்ள ஒரு குச்சி கெடக்கு பாருங்க, அதுதான் ராத்திரி எறங்குனதக் காட்டும்…"

"எனக்கே பாடம் எடுக்குறியா?"

அவர் தினமும் செய்வதைப் போல வெப்பமானியை மெல்லச் சாய்த்தார். மயிரிழை போன்ற அந்தக் குச்சி நழுவிப் பத்தொன்பதுக்கு வந்தது.

"அத ஏன்யா தொடுற?"

"நாளைக்கு வேணுமுங்களே சார்."

சாட்சியை என் கண்ணெதிரிலேயே அழிக்கிறான் என்று நினைத்தேன். பதினாறு பாயிண்ட் இரண்டைச் சிவப்பு மையால் சுழித்தேன். கோப்பில், 'இவருடைய பதிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று 'நீ' என்றேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இது பெரிய பிராயச்சித்தம் ஒன்றுமில்லை.

நோட்டை அன்றே எழுத்தரிடம் ஒப்படைத்தேன். முத்தையாவின் வேலை நிரந்தரமாகவில்லை. இரண்டே மாதத்தில் தினக்கூலியும் நின்றது.

மறு ஆண்டு அதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி. ஆசிரியர் அதே வெப்பமானியைத் தூக்கிக் காட்டினார். "விடியற்காலைக் குளிரைத் திரவம் ஞாபகம் வைத்திருக்காது. குச்சிதான் வைத்திருக்கும். பார்த்து முடித்ததும் சாய்த்துவிட வேண்டும். திரவத்தைப் படித்துவிட்டு வருகிற புத்திசாலிகளும் உண்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.

திரும்பி வந்து கோப்பைத் திருத்தியிருக்கலாம். ஒரு கடிதம் போதும். அதை எழுதினால் புளியமரத்தையும் எழுத வேண்டும். எழுதவில்லை.

சில வருடம் கழித்து, ஒரு மார்கழியில், கீரமங்கலத்தில் பூச்சந்தைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றேன். பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒருவர் வந்து கும்பிட்டார். முத்தையா.

"சௌக்கியமா சார்? குல்லாவக் காணோமே?" என்று சிரித்தார். பிறகு, "பெட்டிய இப்ப யாரு சார் பாக்குறா? குச்சியச் சாச்சு விடுறாங்களா?" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றைத்தான். "ம்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அது பொய். அவருக்குப் பிறகு யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. எழுத்தர் தன் மேசையிலேயே இருபது, இருபத்தொன்று, இருபதரை என்று நிரப்பினார். எனக்குத் தெரியும். தெரிந்தே மாதாமாதம் கையெழுத்திட்டேன். நான் நம்பக்கூடிய எண்கள் அவை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பெட்டி இல்லை, புளியமரமும் இல்லை. கம்பத்தில் ஒரு கருவி தானாகவே அளந்து தானாகவே அனுப்புகிறது. முன்பெல்லாம் இங்கே இவ்வளவு குளிர் கிடையாது என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. சிவப்பு மை சுழித்த அந்தப் பதினாறுக்குப் பிறகு, நான் அங்கே இருந்தவரை, அந்தப் பண்ணையில் ஒருநாள்கூடக் குளிரவில்லை.