கல்லறைத் திருநாளுக்கு ஒரு கோல்ஃப் பாஸ்

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருக்கிறேன். கபடி, கோ-கோ, கைப்பந்து, ஆண்டு விழாவுக்கு அணிவகுப்பு. இவ்வளவுதான் என் சரக்கு. ஆனால் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. விளையாட்டு என்று எது வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஒலிம்பிக்கில் நமக்கு ஏன் பதக்கம் வரவில்லை என்று கல்யாணப் பந்தியில் வைத்து என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

அதனால், எங்கள் ஊரில் உலக அளவில் ஒரு கோல்ஃப் போட்டி நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் என் போன் ஓயவில்லை. எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் சாலையில், கிளியனூர் பக்கம், உள்ளே தள்ளி இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த கொல்லைகளைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனி வாங்கி, புல் வளர்த்தது. மாட்டுக்குத்தான் வளர்க்கிறார்கள் என்று ஊரில் கொஞ்ச நாள் நம்பினார்கள். மாடு உள்ளே போனால் அபராதம் என்று போர்டு வைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

நான் கோல்ஃபை அதுவரை டிவியில்கூட நின்று பார்த்ததில்லை. சேனல் மாற்றும்போது பச்சையாக ஏதோ வரும், தாண்டிப் போய்விடுவேன். இருந்தாலும் கேட்டவர்களிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் பார்த்துப் பார்த்து, பிறந்ததிலிருந்து அதையே ஆடிக்கொண்டிருப்பவன் மாதிரி பதில் சொன்னேன்.

ஒரு நாள் அக்கா கூப்பிட்டாள். அவள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாள்.

"டேய், கோல்ஃபுன்னா இன்னாடா?"

"ஒரு பந்தை மட்டையால அடிச்சு அடிச்சு, தூரத்துல இருக்கற குழியில தள்றதுக்கா."

"அவ்ளோதானா? அதுக்கா என் வழிய அடைச்சிக்கினு நிக்கிறானுங்க?"

விஷயம் இதுதான். எங்கள் மாதா கோயில் கல்லறை, அந்தப் புல்வெளிக்கும் ஏரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கல்லறைக்குப் போகும் வழி புல்வெளியின் ஓரமாகத்தான் போகிறது. கல்லறைக்கு இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் ஏரி. ஐப்பசியில் ஏரி நிரம்பி நிற்கும்போது வேறு வழியே இல்லை. போட்டி நடக்கும் நாள்களில் வழியைப் பூட்டப் போவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அந்த நாள்களில் ஒன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.

வெளியூர் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வராமல் இருந்தாலும் இருப்பார்கள், கல்லறைத் திருநாளுக்கு வந்துவிடுவார்கள். புல் செதுக்கி, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை அவரவர் கல்லறை பக்கத்தில் நிற்பார்கள். அந்த வருஷம் இறந்தவர் வீட்டில் இது இன்னும் பெரிய விஷயம். அந்தக் கோடையில்தான் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, நெஞ்சுவலியில் போனார்.

மாமா ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாதா தேர் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கத்தும். வாழ்நாள் முழுக்கச் சத்தத்திலேயே சம்பாதித்தவர். வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருவே எழுந்துகொள்ளும். அவரைக் கொண்டுபோய், பந்து அடிக்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று இருமலுக்கே தடை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறோம்.

கம்பெனி சார்பில் ஓர் அதிகாரி ஊருக்கு வந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். நானும் போயிருந்தேன். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு.

"வேர்ல்டு லெவல் மேட்ச்சுங்க. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிளேயர்ஸ் வர்றாங்க. உங்க ஊருக்கே பெருமை. அந்தத் திருநாளை மட்டும் ஒரு வாரம் தள்ளி வச்சிக்கிட்டீங்கன்னா நல்லாருக்கும். கல்லறையில இருக்கறவங்க எங்கயும் போயிடப் போறதில்லையே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பங்குச் சாமியார், தேதி தன் கையில் இல்லை, ரோமாபுரியில் கேட்க வேண்டும் என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, ஊர் மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றியாக, போட்டியைப் பார்க்க இலவசப் பாஸும் ஆளுக்கொரு தொப்பியும் தருவதாக அறிவித்தார். யாரும் கைதட்டவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் அக்கா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பாஸ் இருந்தா உள்ள எங்க வேணா போலாமாடா?"

"கயிறு கட்டியிருப்பாங்க. அதுக்கு இந்தாண்ட நின்னுக்கினு பாக்கலாம், ஆடறவங்க கூடவே நடக்கலாம்."

"கல்லறைப் பக்கம் போவாங்களா?"

போனில் வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். மொத்தம் இருந்த பதினெட்டுக் குழிகளில் ஏழாவது, கல்லறை மதிலை ஒட்டியே இருந்தது.

"அப்ப ரெண்டு பாஸு வாங்கிக்கினு வா. ஜல்தி. மொத வருசமே அந்த மனுசனை இருட்டுல உட்டுட்டு என்னால உக்காந்துக்கினு இருக்க முடியாது." பாஸ் கொடுக்கத் தொடங்கியதும் இரண்டு வாங்கி வைத்தேன்.

ஐப்பசி மழையில் திறந்தவெளிப் போட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் நிச்சயம் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. திருநாளன்று காலை தூறிக்கொண்டேதான் இருந்தது. நானும் அக்காவும் குடையோடு நுழைவாயிலுக்குப் போனால், மொத்த ஊரும் அங்கே வரிசையில் நிற்கிறது. எல்லார் தலையிலும் கம்பெனித் தொப்பி, எல்லார் கையிலும் சாமந்திப் பை. ஆனால் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. மாவு மில்காரரிடம் "இன்னாண்ணே, ஆட்டம் பாக்கவா?" என்று கேட்டேன். "ஆமா வாத்தியாரே, ரொம்ப நாளா ஆசை" என்றார் முகம் மாறாமல். அவர் அப்பா இருப்பது கல்லறையில், மதிலிலிருந்து மூன்றாவது வரிசை.

ஒலிபெருக்கியில் ஓர் அம்மா பூரித்துப்போய் அறிவித்துக்கொண்டிருந்தார். "சுற்றுவட்டாரக் கிராம மக்களின் இந்த ஆர்வம் நம்மை நெகிழவைக்கிறது!"

வாசலில் சோதனை. தீப்பெட்டி கூடாது, வத்தி கூடாது, வெளித் தண்ணீர் கூடாது. மெழுகுவத்தி பாக்கெட்டுகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் நிரம்பி வழிந்தன. இத்தனை மெழுகுவத்தி எதற்கு என்று ஒரு காவலாளி கேட்டதற்கு, "கரண்ட்டு போச்சுன்னா?" என்றாள் ஒரு கிழவி. பூவை மட்டும் விட்டார்கள். ஜெயிக்கிறவருக்கு மாலை போடக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். என் வாத்தியார் விசிலையும் பிடுங்கிக்கொண்டார்கள். சாமியார் கையில் இருந்த தீர்த்தப் பாட்டிலும் போயிற்று. அவர் கோபப்படவில்லை. உள்ளே பார்வையாளர்களுக்குக் கொடுத்த குடிதண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி, ஒரு மரத்தடியில் நின்று மந்திரித்துக்கொண்டார். வெள்ளை அங்கியும் தொப்பியுமாக அவரைப் பார்த்த இரண்டு பேர் நடுவர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள்.

கோல்ஃப் ரசிகர்கள் முதல் குழியிலிருந்து ஆட்டக்காரர்கள் பின்னால் நடப்பார்கள். நாங்கள் நேராக ஏழாவது குழிக்குப் போய் நின்றுகொண்டோம். மற்ற இடங்களில் ஆளே இல்லை. இங்கே மட்டும் திருவிழாக் கூட்டம். ஏழாவது குழியில் அப்படி என்ன விசேஷம் என்று பார்க்க டிவி கேமராவும் வந்துவிட்டது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், எங்கள் முதுகுக்குப் பின்னால் இடுப்பளவு மதில், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். நடுவில் பூட்டிய கதவும் ஒரு காவலாளியும். மாமாவின் சிலுவை அங்கிருந்தே தெரிந்தது. மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது.

ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். ஒருவர் பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, நிலத் தகராறில் வரப்பை அளக்க வந்தவர்போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் இரண்டடி தூரம் தள்ளினார். 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் நின்றிருந்தார், ஆனால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தலை குனிந்து, வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு நின்றோம். இவ்வளவு பண்பான பார்வையாளர்களை எங்கேயும் பார்த்ததில்லை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

காவலாளியிடம் நான் இரண்டு முறை கேட்டேன். ஆட்டம் முடியாமல் திறக்கக் கூடாது என்றார். முடிந்ததும் திறப்பீர்களா என்றேன். முடிந்ததும் பார்வையாளர்கள் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும் என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. விசில் மட்டும் கையில் இருந்திருந்தால் ஊதி மொத்த ஆட்டத்தையும் நிறுத்தியிருப்பேன். பொழுது சாயத் தொடங்கியது. அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். "இம்மாந்தூரம் வந்தும் இங்கியே நிக்கிறனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக ஆட வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர் ஓங்கி அடித்தார். பந்து வளைந்து வந்து மதிலோரப் பனைமரத்தில் மோதியது. மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்ததா, கல்லறைக்குள் விழுந்ததா, யாருக்கும் தெரியவில்லை. உள்ளே விழுந்தால் எல்லைக்கு வெளியே என்று கணக்கு. தேடிப் பார்க்க மூன்று நிமிஷம் உண்டு. அவர் எதற்கும் இன்னொரு பந்தை அடித்து வைத்துவிட்டு, வேகமாக நடந்து வந்தார். புல்லில் தேடினார், இல்லை. மதிலுக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும் என்றார். நடுவர் சைகை காட்ட, காவலாளி சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

அவ்வளவுதான். ஊர் உள்ளே போய்விட்டது.

யாரும் ஓடவில்லை, தள்ளவில்லை. அவரவர் இடத்துக்கு நேராகப் போய், குனிந்து, கையால் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். தன் பந்தைத் தேடத்தான் இத்தனை பேரும் மண்ணில் முட்டி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். நெஞ்சில் கை வைத்து ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். கேமராவும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அக்கா மாமாவின் கல்லறையைச் சுத்தம் செய்து பூப் போட்டாள். பிறகு குடையை விரித்து உதறினாள். கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு மெழுகுவத்தி விழுந்தது. எனக்கே தெரியாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் கொண்டையிலிருந்து ஒருத்தி எடுக்கிறாள், தொப்பிக்குள்ளிருந்து ஒருவர், வேட்டி மடிப்பிலிருந்து மாவு மில்காரர். எல்லாரும் மெழுகுவத்தியைக் கடத்திவந்திருந்தார்கள். தீப்பெட்டியை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்கா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். வெள்ளைக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பையின் ஓரத்தில் கை விட்டு ஒரு லைட்டரை எடுத்தார். ஆட்டக்காரர்கள் பையை யாரும் சோதிப்பதில்லை. அக்கா கையால் காற்றை மறைக்க, அவர் குந்தி உட்கார்ந்து பற்றவைத்தார். மற்றவர்கள் வரிசையாக வந்து அக்காவின் மெழுகுவத்தியில் பற்றிக்கொண்டு போனார்கள்.

நடுவர் கடிகாரத்தைக் காட்டி நேரம் முடிந்தது என்றார். சாமியார் அதற்குள் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். வெள்ளைக்காரர் சுற்றிலும் எரியும் விளக்குகளைப் பார்த்தார், சிலுவைகளைப் பார்த்தார், அப்போதுதான் புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தீர்த்தம் தெளித்து முடியும்வரை நின்றார். அவர்மேலும் நாலு சொட்டு விழுந்தது. பந்து கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் வீட்டுக்குப் போய்விட்டது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, என்னையும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே அதிகாரி மண்டபத்துக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. கிராம மக்களே ஓடிவந்து பந்து தேடிய காட்சியை உலகமே பார்த்ததாம். மேலிடத்துக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சியாம். அதனால் இனி வருஷா வருஷம் இதே நாளில்தான் போட்டி, பாஸும் கூடுதலாகத் தருவோம் என்றார். ஏதோ சொல்லலாம் என்று எழுந்தேன். எனக்கு முன்னால் அக்கா எழுந்துவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல எனக்கு எடம் உட்டு வச்சிருக்கு. உங்க ஆட்டம் நடக்கற அன்னிக்கு நான் செத்துட்டேன்னு வச்சிக்குங்க. தூக்கிக்கினு வர்ற நாலு பேருக்கு மட்டும் பாஸு போதுமா, எனக்கும் ஒண்ணு வேணுமா?"

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி சட்டையை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.