பழைய பாஸ்போர்ட்டுக்குக் கிடைத்த பெர்மிட்

போன மாதம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றேன். காரணம் — என் அதிகப்பிரசங்கித்தனம்.

இலஞ்சியில் எனக்கு அடுத்த வீடு முருகையா. தேங்காய் வியாபாரி. அவருடைய தங்கை செல்வி கல்யாணமாகிப் போய் செஷல்ஸ் தீவில் இருக்கிறார். செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? செல்விக்கு இருப்பதோ ஒரே அண்ணன். டிக்கெட் போட்டாயிற்று, தங்கத் தோடும் வாங்கியாயிற்று.

அந்த நாட்டுக்குப் போக நமக்கு வீசா வேண்டாம். ஆனால்... ஆன்லைனில் ஒரு பெர்மிட் வாங்க வேண்டும். அது இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அப்புறம் என்ன 'வீசா வேண்டாம்' என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன்.

தெருவில் யாருக்கு ஆன்லைன் வேலை என்றாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் நிற்பவன் நான். முருகையாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். புது பாஸ்போர்ட் அன்று காலைதான் தபாலில் வந்ததாம். அன்றைக்கு அஷ்டமி. கவரைப் பிரிக்காமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார் அவர் மனைவி.

"நாளைக்கு நவமி அண்ணாச்சி. நாளான்னைக்கு எடுத்துத் தாரேன்" என்றார் முருகையா.

எனக்கு எரிச்சல். கம்ப்யூட்டருக்கு ஏதய்யா அஷ்டமியும் நவமியும்? பழைய பாஸ்போர்ட்டின் படம் அவர் போனில் இருந்தது. அது காலாவதியாக இன்னும் ஏழு மாதம் கிடந்தது. அதே ஆள், அதே மூஞ்சி — போதாதா? நம்பரைத் தட்டினேன், படத்தை ஏற்றினேன். மறுநாளே பெர்மிட் வந்துவிட்டது. பார்த்தீரா என்று கிண்டல் வேறு செய்தேன்.

புனலூர் வழியாகக் காரில் ஏர்போர்ட்டுக்குக் கூடவே போனேன். உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் போன் செய்தார். பெர்மிட்டில் பழைய நம்பர், கையில் புது பாஸ்போர்ட். புதுசு வந்துவிட்டால் பழசு செல்லாதாம். ஏற்ற முடியாது என்கிறார்களாம்.

வாசலில் நின்றபடியே, புது நம்பரைக் கேட்டு வாங்கி, மறுபடி விண்ணப்பித்தேன். பெர்மிட் வந்தது... விமானம் போன பிறகு! அடுத்த டிக்கெட் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. முகூர்த்தமோ மறுநாள்.

முருகையா வெளியே வந்தார். தோட்டுப் பெட்டி இருந்த சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

செல்விக்கு நானே போன் போட்டுத் தப்பை ஒப்புக்கொண்டேன். அங்கே மண்டபம் பேசி, ஆட்களையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். ஆனாலும் செல்வி சொன்னது இதுதான்:

"முகூர்த்தம் இன்னொண்ணு பாத்துக்கிடுதோம் அண்ணாச்சி. எங்க அண்ணன் மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். அண்ணன் இந்நேரம் அழுதுக்கிட்டு நிக்கும். அழ வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லலாம் என்றுதான் திரும்பினேன். எனக்கே கண்ணைத் துடைத்து மாளவில்லை... எங்கே சொல்ல?