தாண்டிப் படித்த வரி

போன வாரம் பக்கத்து வீட்டில் மவுத்து. இறந்தவரின் மையித்தைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கரைத்த கற்பூர வாசம் சுவர் தாண்டி வந்ததும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. சாவுக்குப் பயந்து இல்லை, எண்பது வயதில் அதற்கென்ன பயம்? அது எனக்குச் சைகோன் வாசம்.

காரைக்காலிலிருந்து வியட்நாம் போய், சைகோனின் சோலோன் பகுதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். துணி கிழித்தால் கோணல் மாணல்தான். ஆனால் அரபுத்தமிழ், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழ், தடதடவென்று வாசிப்பேன். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லாருக்கும் கிதாபு, மார்க்கச் சட்டப் புத்தகம், வாசிப்பது என் வேலை. மார்க்கம் கரைத்துக் குடித்த பெரிய ஆலிம் என்ற நினைப்பு வேறு!

முதலாளியின் தம்பி லான் என்ற வியட்நாம் பெண்ணைக் கட்டியிருந்தார். அவள் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து மரியம் ஆகிவிட்டாள். முதலாளிக்கு அது செல்லாது. "புருசனுக்காகச் சொன்னது கலிமாவா? கிதாபு என்ன சொல்லுது, படி தம்பி" என்பார். மார்க்கத்துப் பெண் யார் என்ற பக்கத்தைப் படிப்பேன். அதில் ஒரு வரி வரும்: வாயால் சொன்னால் போதும், மனசைப் பார்ப்பது அல்லாஹ்வின் வேலை. அந்த இடத்தில் முதலாளி முகத்தைப் பார்ப்பேன். தாண்டிவிடுவேன். சம்பளம் தருகிற முகமாயிற்றே. அவள் கையால் முதலாளி ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதே வீட்டில் தங்கியிருந்த கடைப் பையன்கள் நாங்களும்தான்.

எங்களுக்குச் சமைத்துப்போட்ட விதவை, நாங்கள் அக்காவாக நினைத்த சுல்தான் பீவி லாத்தா மட்டும் வாங்கிக் குடிப்பார்.

அறுபத்தெட்டாம் வருசம், வியட்நாம்காரர்களின் புத்தாண்டன்று வெளியே படபடவென்று சத்தம். பட்டாசென்று நினைத்து வேடிக்கை பார்க்க ஜன்னலைத் திறந்தேன், புத்திசாலி! எதிர்வீட்டுச் சுவர் குண்டு பட்டுப் பொடிப்பொடியாய்க் கொட்டியது. யா அல்லாஹ், தரையோடு படுத்தவன் அப்புறம் நான் எழுந்திருக்கவேயில்லை. முதலாளியின் தம்பி சரக்கெடுக்கப் போய் வெளியூரில் மாட்டிக்கொண்டார். நாலு நாளாகத் தெருவில் சண்டை. லாத்தாவுக்குக் கடுங்காய்ச்சல், மருந்துக்கு வழியில்லை. லான்தான் பக்கத்திலேயே இருந்தாள். லாத்தாவுக்குக் குண்டுப் பயமில்லை, வேறு பயம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பள கை படக்கூடாதுடா. குளிப்பாட்டாம என்னைய மண்ணுல போட்டுறாதீங்க" என்றார். மறுநாள் காலை மவுத்தாகிவிட்டார். அடுத்த தெருவிலிருந்து நம் பெண்கள் யாரும் வர முடியாது. குளிப்பாட்ட மார்க்கத்துப் பெண்தான் வேண்டும்; வீட்டில் இருந்த ஒரே பெண் லான்.

முதலாளி கிதாபை என் மடியில் வைத்தார். "படி தம்பி. இந்தத் தடவ எதையும் விடாமப் படி."

விடாமல்! ஆக, அவருக்கும் தெரிந்திருக்கிறது. வெளியே குண்டு, மடியில் கிதாபு. எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அந்த வரியைப் படித்தேன். முதலாளி தேம்பித் தேம்பி அழுதார். "மரியம், போய்க் குளிப்பாட்டும்மா" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் படித்துச் சொல்ல, வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம், கடைசியில் கற்பூரத் தண்ணீர் என்று அவள் ஊற்றினாள். முடித்துவிட்டு அரைகுறைத் தமிழில், "வேற வரி இருக்கா அண்ணே?" என்றாள். குளிப்பாட்டுவதைத்தான் கேட்டாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அப்புறம் முதலாளி எல்லாரிடமும், "கிதாபுல எப்பவும் அப்படித்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் தலையாட்டினேன்.

ஆட்சி மாறியபோது நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம். அவளும் புருசனும் அங்கேயே இருந்துவிட்டார்கள். புருசன் மவுத்தான சேதி ஒரு கடிதத்தில் வந்தது. பிறகு கடிதமும் இல்லை. கடை இல்லை, முதலாளி இல்லை, லாத்தாவை அடக்கிய இடத்தில் ஏதோ கட்டடமாம். அந்தக் கிதாபை வாசிக்க என்னை விட்டால் எங்கள் வீட்டிலேயே ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபோது இதுதான் பயம். அவளும் மவுத்தாகியிருந்தால், அவள் பெயர் மரியம் என்று சொல்லச் சைகோனில் யார் மிச்சம்? அவளை யார் குளிப்பாட்டியிருப்பார்கள்?